நிற்கிறதா, கிடக்கிறதா

செபு தீவில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரே வேலை, பார்வையில்லாதவர்களுக்குக் கண்ணாக இருப்பது. உலகத்தின் ஏதோ மூலையில் ஒருவர் கைபேசியை நீட்டுவார். அதில் தெரிவதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் மெர்லிண்டா அக்காவுக்கு, 'இருக்கிறது' என்று சொன்னாலே ஆகாது. எங்கள் பேச்சில் எல்லாப் பொருளும் சும்மா இருக்கும். ஆங்கிலத்திலோ பாட்டில் நிற்க வேண்டும், கரண்டி கிடக்க வேண்டும், கெட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெட்டிக் கெடுபிடி என்றுதான் நினைத்திருந்தேன்.

பக்கத்து இருக்கை ரோடலின் புதியவள். எங்கள் ஊர் வழக்கப்படி உதட்டைக் குவித்துச் சுட்டி, "அதோ அங்க" என்று பார்வையில்லாதவருக்கே வழி காட்டியவள். அன்று வந்ததுமே, தட்டு 'நிற்கிறது' என்று சொல்லி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"தட்டு நிக்குதா? காலு முளைச்சிருச்சா இண்டாய்?"

எங்கள் ஊரில் சின்னப் பெண்ணை இண்டாய் என்போம். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

ரோடலினுக்கு அடுத்த அழைப்பு ஸ்காட்லாந்திலிருந்து. கெர் என்ற கிழவர், தனியாக வாழ்பவர்.

"ரொட்டிக் கத்தி விழுந்துருச்சும்மா, எங்கன்னு பாரு. மத்தியானம் மக வர்றா. இன்னொரு தடவ என் கையில காயக் கட்டைப் பாத்தான்னா முதியோர் இல்லத்துல தள்ளிடுவா."

அவள் திரையை நானும் எட்டிப் பார்த்தேன். தரையில் கத்தி இல்லை. கீழ் இழுப்பறை பாதி திறந்திருந்தது. உள்ளே இரண்டு வாணலிகளுக்கு நடுவே கத்தியின் கைப்பிடி சிக்கி, முனை மேலே பார்த்தபடி இருந்தது.

"கீழ் இழுப்பறையில இருக்கு சார்," என்றாள் ரோடலின்.

"அவ்வளவுதானே!" கிழவர் குனிந்தார். அவர் கை திரைக்குள் வந்தது.

ரோடலின் 'நி' என்று ஆரம்பித்து நிறுத்தினாள். கத்தி நிற்குமா? மறுபடியும் சிரிப்பார்களோ? கை இறங்கிக்கொண்டே இருந்தது.

"அயாவ்!" என்று கத்தினாள் ரோடலின். எங்கள் பேச்சில் 'வேண்டாம்' என்று அர்த்தம். அறையே திரும்பிப் பார்த்தது. கையும் நின்றது.

"என்னம்மா சொன்ன?"

"வேணாம்னேன் சார். கத்தி நிக்குது, முனை மேல. உங்க கைக்கு நேர் கீழ. அப்படியே மேல தூக்குங்க."

தூக்கினார்; சுண்டு விரல் மட்டும் முனையில் உரசியது. பிறகு மரக்கரண்டியால் கத்தியைத் தட்டிச் சாய்த்தார்.

"இப்ப?"

"இப்ப கிடக்குது சார்."

கையைக் கைபேசி முன்னால் நீட்டினார். "ரத்தம் இருக்கா?"

"ஒரு பொட்டு. சுண்டு விரல்ல."

கிழவர் கையை இழுத்துக்கொண்டார். "மக கண்ணுல படுமா?"

பார்ப்பதை மட்டும் சொல்ல வேண்டும், யோசனை சொல்லக் கூடாது என்பது விதி. பின்னால் அக்கா காதில் ஹெட்போனோடு அழைப்பைக் கேட்டபடி நிற்பது ரோடலினுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னாள்.

"அவங்க வர்றப்ப அந்தக் கைய கால்சட்டைப் பையில வச்சுக்கங்க சார்."

அக்கா குனிந்தாள். ரோடலினுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"விவரமா சொல்லு இண்டாய்," என்றாள் மெர்லிண்டா அக்கா. "இடது பையா, வலது பையா?"