ஐந்தாவது முகம்

மருந்துக் கடையில் காலையிலிருந்து இரண்டு ஷிப்ட் நின்றுவிட்டு வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்குள், கணவன் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காரு. முதல் லெவல மட்டும் ஆடிப் பாரு. புதுசா ஒரு ஆளு ஆடினா எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

உட்காரச் சொன்னதே பெரிய உபகாரம் என்று அவள் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் ஒரே பேச்சைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருந்தாள்: இந்த மாதத்தோடு இரண்டாவது ஷிப்டை விடப் போகிறேன், நீங்கள் வேலைக்குப் போங்கள். பஸ்ஸில் தடங்கலில்லாமல் வந்த பேச்சு, படியேறியதும் வாய்க்கு வரவில்லை.

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, துப்பாக்கி கேம் ஒன்று செய்யப் போகிறேன் என்று அவன் உட்கார்ந்தபோது, "மூணு மாசத்துல முடிச்சிடுவேன்" என்றான். அதன்பிறகு எப்போது கேட்டாலும் அதே மூன்று மாதம்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவளுடைய தம்பி அவனுக்கு அதையே பட்டப்பெயராக வைத்துவிட்டான். "என்னக்கா, மூணு மாசம் சாப்டாரா?" என்று போனில் கேட்பான். ஆரம்பத்தில் அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

மனிதன் சோம்பேறியாக இருந்தால் வாய் விட்டுத் திட்டியாவது தீர்க்கலாம். இவனோ சமைத்து, பாத்திரம் தேய்த்து, துணி உலர்த்திவிட்டு, மிச்ச நேரமெல்லாம் கேமில் வரும் சுவருக்குச் செங்கல் வரைகிறவன். அந்தக் காலத்து கேம் மாதிரியே இருக்க வேண்டுமாம். எல்லாம் கட்டம் கட்டமாக, ஓரமெல்லாம் பிசிறடித்தபடி. இப்படி மட்டமாகத் தெரிய வைப்பதற்கு எவ்வளவு உழைப்பு என்று யாருக்குப் புரியும்?

அவள் அம்புக்குறியை அழுத்தினாள். திரையில் ஒரு கை துப்பாக்கியை நீட்டிக்கொண்டு முன்னால் போயிற்று. இருண்ட நடைவழி. பச்சைப் பிசாசு ஒன்று மூலையிலிருந்து வந்து அறைந்தது.

"மேல ஏதோ சத்தம் கேக்குது. எப்படி நிமிந்து பாக்கறது?"

"முடியாது. அந்தக் காலத்து கேம்ல நிமிர வழியே கெடயாது. நேராத்தான் பாக்கணும்."

"அப்ப எங்க மருந்துக் கடை மாதிரிதான்" என்றாள். அவன் ஜோக் என்று நினைத்துச் சிரித்தான்.

இன்னும் இரண்டு அடி விழுந்தது. "மருந்துப் பெட்டி எங்க வச்சிருக்கீங்க?"

"இந்த லெவல்ல கெடயாது. இருக்கற உசிர வச்சுச் சமாளிக்கணும். அதுதான் சுவாரசியம்." பிறகு, சாதாரணமாகச் சொல்வதுபோல், "இன்னும் கொஞ்சம் லெவல் சேக்கலாம்னு இருக்கேன். ஒரு மூணு மாசம்" என்றான்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. கீழே பார்த்தாள். திரையின் அடியில் சின்னதாக ஒரு முகம் இருந்தது, துப்பாக்கி பிடித்திருப்பவளின் முகம். அடி விழ விழ அது மாறிக்கொண்டே வந்திருந்தது. இப்போது கண்ணுக்குக் கீழே கறுத்து, வாய் ஒரு பக்கம் தொங்கி, நெற்றியில் முடி ஒட்டிக் கிடந்தது. கண்டபடி கட்டம் கட்டமாக இருந்தும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"இது நானா?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "கண்டுபிடிச்சிட்டியே! மொத்தம் அஞ்சு முகம். முழு உசிரோட இருக்கறதுலேருந்து சாகப்போறது வரைக்கும். அஞ்சும் நீதான்."

"எப்ப வரஞ்சீங்க? நான் உக்காரவே இல்லையே."

"முதல் முகம்தான் உசிர வாங்கிடுச்சு. கல்யாண போட்டோவ வச்சு வரஞ்சேன், எத்தனை தடவ அழிச்சேன் தெரியுமா? இந்த அஞ்சாவது ரொம்ப ஈஸி. தெனம் நீ கதவத் தொறந்து வரும்போது பாக்..."

பாதியில் நின்றுவிட்டான். சொன்னது அவன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். பக்கத்துப் பக்கத்தில் ஒரே முகம்.

பிசாசு மறுபடி வந்தது. அவள் சுடவில்லை. திரை சிவந்து சாய்ந்தது.

பஸ்ஸில் சொல்லிப் பார்த்தது இப்போது தானாகவே வெளியே வந்தது. "இந்த மாசத்தோட ரெண்டாவது ஷிப்ட விடறேன். என்னால முடியலங்க. நீங்க வேலைக்குப் போங்க."

எப்போதும் அவனிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். இன்றைக்கு அவள் நாற்காலியருகே மண்டியிட்டான். கீழே குனிந்து, அவள் இன்னும் கழற்றாத செருப்பின் வாரை அவிழ்த்தான். கால் வீங்கி வார் பதிந்திருந்தது.

"காலையில பழைய ஆபீஸுக்குப் பேசறேன்" என்றான். "இருக்கறது போதும். இதையே வெளியிட்டுடலாம்."

அவள் தலையசைத்தாள். நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கத் தெம்பில்லை.

"அந்த முதல் முகத்த மட்டும் மாத்தணும்" என்றான் தரையைப் பார்த்தபடி. "போட்டோவப் பாத்து வரஞ்சது சரியா வரல. உன்ன நேர்ல பாத்து வரையணும். எப்ப முடியும்?"

அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூணு மாசம் ஆகும்" என்றாள்.