செவ்வாய்க்கிழமை மூடிய பாட்டில்

புஷ்பவல்லி ஊறவைக்கும் பழத்தோல் தண்ணீர், மூன்று மாதம் கழித்துத் திறக்கும்போது பேசும். பாட்டிலை மூடிய நேரத்தில் அவள் வாயிலிருந்து என்ன வந்துகொண்டிருந்ததோ அதே வார்த்தைகள், அதே குரலில், ஒரே ஒரு முறை வெளியே வரும். அதற்குப் பிறகு அது வெறும் தரை துடைக்கும் தண்ணீர்தான். பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டி லிப்ட் இல்லாமல் நிற்கும் அந்த ஐந்து மாடி ப்ளாட்டில் இதை நம்பாதவர்கள் இரண்டொருவர் இருந்தார்கள். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்கும் ஒரு பாட்டில் போய்ச் சேர்ந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் எதிர்வீட்டு மரியத்தின் முழங்கால். மூன்றாம் மாடியில் இருவருக்கும் இருபத்திரண்டு வருஷமாக எதிரெதிர் வாசல். ஒருத்தி வீட்டுச் சாவி மற்றவளிடம் இருக்கும். நோன்புக் கஞ்சி இந்தப் பக்கம் வரும், சர்க்கரைப் பொங்கல் அந்தப் பக்கம் போகும். ஜூன் மாதம் மரியத்துக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. கணவர் அப்துல் ஜலீல் காலையில் துணிக்கடைக்குப் போனால் ராத்திரிதான் வீடு திரும்புவார். மகள் மெஹ்ரினுக்குத் தூரத்தில், ஜொகூரில் வேலை. நான் ஒருத்தி இருக்கேன்ல என்று புஷ்பவல்லி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். யாராவது கேட்டார்களா என்றால், இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். முதல் நாளே ப்ளீச் நெடியில் மரியம் இருமத் தொடங்கி, தையல் பிரிந்துவிடுமோ என்று எல்லோரும் பயந்தார்கள். அன்றோடு ப்ளீச்சை விட்டு வினிகர், எலுமிச்சை, சோடா மாவு என்று மாறினாள். அதற்கும் அடுப்படிப் பிசுக்கு அசையவில்லை. கோயிலில் யாரோ என்சைம் செய்யச் சொன்னார்கள். ஒரு பங்கு நாட்டுச் சர்க்கரை, மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம் இருட்டில். பழக்கடையில் தூக்கிப்போடும் அன்னாசித் தோலை வாங்கிவந்து தினமும் ஒரு பாட்டில் அடைத்தாள், மூடியில் மார்க்கர் பேனாவால் தேதி எழுதினாள்.

வாய் சும்மா இருந்தால் புஷ்பவல்லிக்குக் கை ஓடாது. இரண்டு வீட்டையும் கூட்டி, இரண்டு வீட்டையும் துடைத்து, இரண்டு வீட்டுக்கும் மீன் கழுவும் ஒரு பொம்பளை என்ன பேசுவாள், தேவாரமா? முதல் மாதம் பாட்டில்களைத் தினமும் லேசாகத் திறந்து காற்றை விடவேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். அப்போதெல்லாம் உள்ளிருந்து 'ச்சே' என்று மட்டும் ஒரு சத்தம் வரும். செப்டம்பரில் முதல் பாட்டில் பழுத்தது. திறந்ததும், "ஈரத் துண்ட கட்டில்ல போடாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது, நான் என்ன செவுத்துக்கிட்டயா பேசிட்டு இருக்கேன்" என்றது. ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் சபாபதி, முப்பது வருஷம் லோரி ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷர், தலையைத் திருப்பாமல் "எடுத்துட்டேன் லா" என்றார். எடுக்கவில்லை.

அடுத்தடுத்த பாட்டில்களில் இன்னொன்றும் தெரியவந்தது. எரிச்சல் எவ்வளவோ அவ்வளவு அழுக்குப் போனது. தொண்டை கட்டிப் பேச முடியாத நாளில் மூடிய பாட்டில் வாசமாக இருந்ததே தவிர ஒரு டீக்கறையைக்கூட எடுக்கவில்லை. பிரிட்ஜ் ரிப்பேர்காரன் மூன்றாவது முறையாக வராமல் ஏமாற்றிய நாளின் பாட்டில், அடுப்புக்கு மேலே பதினொரு வருஷமாக ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கை ஒரே துடைப்பில் எடுத்தது. புஷ்பவல்லி அதற்குமேல் ஆராயவில்லை. ஆராய அவளுக்கு ஏது நேரம்?

ஆனால் ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமையை அவள் மறக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து ஏழாவது வாரம். அன்று அவளுக்கே முதுகு பிடித்திருந்தது, நிமிர முடியவில்லை. அன்னாசித் தோலைப் பாட்டிலுக்குள் குத்திக்கொண்டே சபாபதியிடம் சொன்னாள்: "கால் வலியாம் கால் வலி. பாசார்ல குச்சி இல்லாம நடக்குறாளாம், பாத்தவங்க சொல்றாங்க. நடிக்கிறா. சம்பளம் இல்லாத வேலைக்காரி கெடச்சா யாருக்குத்தான் கால் சரியாகும்?" சொல்லிவிட்டு மூடியை இறுக்கினாள். மறுநாள் முதுகு சரியானது. சொன்னது மட்டும் பாட்டிலுக்குள் ஊறிக்கொண்டிருந்தது.

தீபாவளிக்குப் பலகாரத்தோடு பதினாறு வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுப்பதென்று முடிவானது. பேசும் தண்ணீரை ஊருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால், அவள் யோசிக்காமல் செய்யவில்லை. தேதி பார்த்து நல்ல நாட்களை முன்னால் எடுத்துவைத்தாள், கெட்ட நாட்களைப் பின்னால் தள்ளினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தூசி படிந்த பாட்டிலை யாருக்காவது கொடுப்பாளா அவள்? கொடுப்பதற்கு முதல்நாள் எல்லாப் பாட்டிலையும் கீழே இறக்கி, ஈரத்துணியில் தன் என்சைமையே தொட்டுப் பளபளவென்று துடைத்தாள். மார்க்கர் மை அத்தனையும் போய்விட்டது. ஓரளவு ஞாபகத்தில் வரிசை கட்டி, கொடுத்து முடித்தாள்.

தீபாவளி முடிந்த இரண்டாம் நாள், பின்வரிசையிலிருந்து செவ்வாய்க்கிழமைப் பாட்டில் என்று நினைத்ததைத் திறந்தாள். உள்ளிருந்து அவளே முருகன் பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். பழுத்த மற்ற பாட்டில்களையும் திறந்து பார்த்தாள், எதிலும் அந்தச் செவ்வாய்க்கிழமை இல்லை. அன்று மாலைக்குள் பதினைந்து வீட்டிலிருந்து செய்தி வந்தது. கீழ்வீட்டு ஜெயராஜ் தன் மோட்டார் சைக்கிளைப் பற்றி என்சைம் சொன்னதைக் கேட்டு, படிக்கட்டு அடியிலிருந்து வண்டியை எடுத்துவிட்டார். மற்றவர்கள் வீட்டுப் பாட்டில்கள் சபாபதியின் துண்டைப் பற்றியே பேசின. மரியம் வீட்டிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம் ஒரு மூடிக்கு அடியில் இருக்கிறது என்று புஷ்பவல்லிக்குப் புரிந்தது.

மறுநாள் போனாள். பாட்டில் சிங்க்குக்கு அடியில் சிவப்பு வாளிக்குப் பின்னால் கழுத்து மட்டும் தெரிய நின்றது. அது புளித்துவிட்டது, வேறு தருகிறேன் என்றாள். "என்சைம்னா புளிக்கத்தானே செய்யும்" என்றாள் மரியம். அடுத்த நாள் வேறொரு பாட்டிலோடு போனாள். "குடுத்தத திருப்பிக் கேக்குற பழக்கம் உனக்கு எப்ப வந்துச்சு புஷ்பா?" என்று கேட்டு டீ ஊற்றினாள் மரியம். நான்கு நாள் இப்படியே போனது. நான்கு நாளும் டீ இனித்தது, நான்கு நாளும் புஷ்பவல்லி சிங்க்குப் பக்கமே பார்த்துக்கொண்டு குடித்தாள். ஐந்தாம் நாள் மரியம் கிளினிக்குக்குப் போன நேரம் பார்த்து, தன்னிடம் இருந்த சாவியைப் போட்டு உள்ளே நுழைந்தாள். நாற்பது வருஷம் உழைத்துச் சம்பாதித்த மானம், கடைசியில் ஒரு அன்னாசித் தண்ணீரைத் திருடப் போயிற்று.

வாளியை நகர்த்திப் பார்த்தால் பாட்டில் பாதி காலி. அப்போதுதான் தரையைக் கவனித்தாள். சிங்க்கைச் சுற்றிப் பழுப்பாய்க் கிடந்த டைல்ஸில் சின்னச் சின்ன நீலப் பூக்கள் இருந்தன. ஐந்து மாதம் முட்டிபோட்டுத் துடைத்தவளுக்கே அங்கே பூ இருப்பது தெரியாது. பின்னால் மரியம் வந்து நின்றாள். கையில் குச்சி இல்லை.

"எப்ப தொறந்த?"

"நீ குடுத்த அன்னிக்கே."

"அப்பறம் ஏன் ஒன்னும் சொல்லல?"

"என்ன சொல்றது? நீ சொன்னதுல பொய் இல்லையே. ஆறாவது வாரமே டாக்டர் குச்சி வேணாம்னுட்டாரு." மரியம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "வலிக்குதுன்னாத்தான் பத்து மணிக்கு நீ வருவ. சரியாயிருச்சுன்னா, தீபாவளிக்கு முறுக்கு குடுக்க வருவ. அவரு கடைக்குப் போயிட்டா இந்த வீட்டுல பேசுறதுக்கு யாரு இருக்கா?"

புஷ்பவல்லி ஆரம்பித்தாள். தன் முதுகைப் பற்றி, ஐந்து மாதத்து மீனைப் பற்றி, வாயைத் திறந்து வா என்று கூப்பிடத் தெரியாத ஜென்மங்களைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினாள். நடுவில் கொஞ்சம் அழுதாள், அதையும் திட்டிக்கொண்டே அழுதாள். அவள் பேசப் பேச மரியம் எழுந்து போய்க் காலி பாட்டில்களையும் சர்க்கரையையும் எடுத்து வந்தாள், பிரிட்ஜில் இருந்த அன்னாசித் தோலை நறுக்கிப் போட்டாள். ஒரு வசவும் வீணாகாமல் ஒவ்வொரு பாட்டிலாக மூடினாள். மொத்தம் பதினொன்று.

பிப்ரவரியில் அவற்றைக் கொண்டு ஐந்து மாடிப் படிக்கட்டையும் கழுவினார்கள். வெற்றிலைக் கறையும் ஜெயராஜ் வண்டியின் எண்ணெயும் போய், முதல் படியில் கட்டடம் கட்டிய கொத்தனார் சிமெண்டில் கீறிவிட்டுப் போன வருஷம் வெளியே வந்தது. ஒவ்வொரு மாடியிலும் பாட்டிலின் வசவைக் கேட்டபடி ஜனங்கள் ஓரமாக ஒதுங்கி வேலைக்குப் போனார்கள்.

இன்றும் காலை பத்து மணிக்கு மரியம் கதவைத் திறந்துவைத்திருப்பாள். புஷ்பவல்லி வாளியோடு வந்து, கால் வலிக்குதா என்று கேட்பாள். ரொம்ப வலிக்குது லா என்பாள் மரியம், விறுவிறுவென்று நடந்துபோய் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே. புஷ்பவல்லி திட்டத் தொடங்குவாள். மரியம் ஒரு காலி பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்வாள்.