ஜன்னலோரப் பெஞ்சு

என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணைச் சோதிப்பதும் அவர்தான், சட்டத்தில் வில்லையைப் பொருத்துவதும் அவர்தான். வந்தவர் மூக்கில் அந்தக் கனத்த சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெரியுதா? முன்னாடி போட்டது தெளிவா, இதுவா?" என்று அலுக்காமல் கேட்பார். அந்த மனுஷர் ஒருநாளும் கண்ணை மூடி ஜெபித்ததில்லை.

ஆலயத்தில் நான் பாடகர் குழுவில் நிற்பேன். அவருக்கு ஜன்னலோரப் பெஞ்சு. போதகர் "ஜெபிப்போம்" என்றதும் சபையே கண்ணை மூடும். இவர் மட்டும் வெளியே நிற்கும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு மானம் போகும்.

"ஜெப நேரத்துல அப்படி என்ன பராக்கு?"

"நீ எப்படிப் பார்த்தே?"

"பேச்சை மாத்தாதீங்க."

"பறவைங்களைப் பாருங்கன்னு சொன்னதே ஆண்டவர்தானே? கண்ணை மூடிக்கிட்டு எப்படிடி பார்க்கிறது?"

வீடு வந்து சேரும்வரை மரத்துச் செய்திதான். சிட்டு இன்றைக்கு ஒரு நூல் கொண்டுவந்ததாம், பாதி வழியில் தவறவிட்டதாம். பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் திருதிருவென விழிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலுக்குக்கூட இப்போது ஏங்குகிறேன்.

அவர் போன பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் வந்தது, அவர் மூக்கில் செருகியிருந்த குழாய் வந்தது. "ஜெபத்தை விட்டுடாதீங்கம்மா, ஆறுதல் கிடைக்கும்" என்றார் போதகர். நல்ல மனிதர்தான். ஆனாலும் அவரைக் கடித்துக் குதறலாம்போல இருந்தது. பாட்டை விட்டேன். இந்த ஒரு ஞாயிறோடு ஆலயத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்ற முடிவோடுதான் அன்று போனேன்.

தாமதமாகப் போனதால் என் கணவருடைய ஜன்னலோர இடம் மட்டுமே காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். "ஜெபிப்போம்" என்றார்கள். மூடினேன். அதே கட்டில். ஆத்திரத்தில் வெடுக்கென்று கண்ணைத் திறந்தேன்.

எதிரே மரம். அவரை அடக்கம் செய்த வாரம் மொட்டையாக நின்ற மரம்தான். இப்போது கிளையெல்லாம் தளிர், வெயில் பட்டு ஒவ்வொன்றிலும் நரம்பு தெரிந்தது. கிளை பிரிகிற இடத்தில் கூடு. தாய்ச்சிட்டு வந்து உட்கார்ந்ததும் குஞ்சுகள் தலையைவிடப் பெரிதாக வாயைப் பிளந்தன. கொஞ்சமும் வெட்கமில்லாமல் கேட்டன. அதுவும் கொடுத்தது.

இத்தனை வருஷம் இவர் யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. நானும் கேட்டேன். என்ன கேட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜெபம் வந்தது. கண் நிறைந்து மரம் கலங்கியது. காதருகே அந்தப் பழைய கேள்வி, இப்ப தெரியுதா?

"தெரியுதுங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பக்கத்திலிருந்த அம்மாள் ஒற்றைக் கண்ணைத் திறந்து முறைத்தாள். முறைக்கட்டும். ஆமென் சொல்லும்வரை நான் மரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.