திலகேஸ்வரிக்கு நான் கொடுத்த நற்சான்றுகள்

ஆஷ்மூர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அறையில் நான் ஏழு மாதம் இருந்தேன். முன்னவர் திடீரென்று உடல்நலம் கருதி விலகிப் போனதால் கிடைத்த இடம். கதவில் 'தற்காலிகத் துணைவேந்தர், பேராசிரியர் பஞ்சலிங்கம்' என்று எழுதியிருந்தது. முதற் சொல்லைச் சின்ன எழுத்தில் போடச் சொன்னது நான்தான்.

அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் குறி. காரியதரிசி மொரீனுக்கு என் தேநீரின் நிறம் பழகிவிட்டது. என் பெயர் போட்ட கார் நிறுத்துமிடத்தை ஞாயிற்றுக்கிழமைகளிலும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். 'ஆஷ்மூர் நாளை' என்று நாற்பது பக்கத்தில் ஒரு தொலைநோக்கு அறிக்கையும் எழுதி முடித்திருந்தேன். நாட்டின் முதல் நூறு பல்கலைக்கழகங்களுக்குள் நுழைவோம் என்பது அதன் சாரம். நாங்கள் நூற்றுநான்காவது இடத்தில் இருந்தோம். நுழைய நாலு பேர் சாக வேண்டும், அவ்வளவுதான்.

ஐப்பசியில் நிரந்தரப் பதவிக்கான இறுதிப் பட்டியல் வந்தது. இரண்டே பெயர். ஒன்று நான். மற்றது பேராசிரியர் திலகேஸ்வரி குமாரவேலு.

"ஆர், லெஸ்டரில இருக்கிற குமாரவேலுவின்ர பெட்டையோ?" என்றாள் மனைவி சகுந்தலா, வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல். "உங்களிட்ட வேலை பழகின பிள்ளையெல்லே!"

"என்னட்டப் பழகேல்லை. என்ர பகுதியில இருந்தவ."

"போன கிழமை லண்டன் தமிழ் வானொலியில பேட்டி குடுத்தவ. தமிழ் கொஞ்சம் தடக்குது. ஆனா என்ன அடக்கம்!"

"அது அடக்கமில்லை. சொல்லு வராம நிண்டது."

"எங்கட ஊர்ப் பழைய மாணவர் சங்கம் அவவுக்குப் பொன்னாடை போடப் போகுதாம். உங்களைத்தான் போடக் கேட்பினம்."

எனக்கு அந்தச் சங்கம் இருபத்திரண்டு வருடமாக நாற்காலி அடுக்கும் பொறுப்பைத் தந்து வைத்திருக்கிறது.

திலகேஸ்வரி பத்தொன்பது வருடங்களுக்கு முன் எங்கள் பொறியியல் பகுதிக்கு விரிவுரையாளராக வந்தாள். நான் கொங்கிரீட். அவள் கழிவுநீர். கழிவுநீரால் ஒருவருக்கு இவ்வளவு புகழ் வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நானும் குழாயோடு போயிருப்பேன். வெள்ளைக்காரர்கள் அவளை டில்லி என்றார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். என்னைப் பகுதிக்குள் 'பஞ்ச்' என்பாள். தமிழ் விழாக்களில் 'அங்கிள்' என்பாள். எங்களுக்குள் பதினொரு வயதுதான் வித்தியாசம்.

இரண்டாம் வருடமே மாணவர்கள் அவளைச் சிறந்த ஆசிரியராகத் தெரிவு செய்தார்கள். மூன்றாம் வருடம் ஒரு மந்திரி அவள் செய்த கழிவுநீர் வடிகட்டியைப் பார்க்க வந்தார். படத்தில் மந்திரியின் தோளுக்குப் பின்னால் தெரியும் முழங்கை என்னுடையது.

இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒருவரைத் துரத்த ஒரு மரியாதையான வழி இருக்கிறது. புகழ்ந்து கடிதம் எழுதுவார்கள். வைத்திருக்க விரும்பும் ஆளைப் பற்றி 'நேரத்துக்கு வருவார்' என்று மட்டும் எழுதுவார்கள். வாசிப்பவருக்கும் இது தெரியும் என்பதால் எழுதுகிறவர் கொஞ்சம் கலை காட்ட வேண்டும். ஸ்கொட்லாந்தில் ஓர் இடம் காலியானபோது நான் கலை காட்டினேன். 'இவரை இழப்பது எங்களுக்கு ஒரு கையை இழப்பது போல' என்று எழுதிவிட்டு, சகுந்தலா செய்த இரண்டு வடையை அந்தக் கையாலேயே ஆறுதலாகச் சாப்பிட்டேன். அவள் போனாள்.

ஆறு வருடத்தில் திரும்பினாள், எங்கள் பீடாதிபதி பதவிக்கு விண்ணப்பித்துக்கொண்டு. அது நான் கண் வைத்திருந்த கதிரை. நல்லவேளை, அதே மாதம் தெற்கே கடற்கரைப் பல்கலைக்கழகம் ஒன்றும் அவளைக் கேட்டு எனக்கு எழுதியது. இந்த முறை மூன்று பக்கம். 'இவரைப் போல ஒருவரை என் வாழ்நாளில் சந்தித்ததில்லை' என்பது முடிவு வரி. அதில் மட்டும் பொய் இல்லை. அவள் தெற்கே பீடாதிபதியானாள், நான் இங்கே ஆனேன். ஆனால் என்னுடையது அங்கேயே நின்றது. அவளுடையது படியேறிக்கொண்டே போனது. பிரதித் துணைவேந்தர், அரச விருது, ஏதோ ஆணைக்குழுவின் தலைமை. ஒவ்வொரு செய்தியும் வந்தபோது நான்தான் முதலில் வாழ்த்து அனுப்பினேன். நித்திரை வராதவனுக்கு அது சுலபம்.

இப்போது மூன்றாவது தரம். நேர்காணலுக்கு முதல்நாள் எங்கள் பல்கலைக்கழகச் சபைத் தலைவர் சேர் கிளைவ் அட்டர்பெரி என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார். பிஸ்கட் செய்து பணக்காரரானவர். நாட்டில் பாதிப் பல்கலைக்கழகங்களின் சபைகளில் இருந்தவர். தன்னுடைய பிஸ்கட்டை மற்றவர்களுக்குத் தள்ளுவார், தான் தொடமாட்டார்.

"பஞ்ச், உன்னட்ட இதைக் கேட்கப்படாது. முறையில்லை. அதாலதான் தேத்தண்ணியோட கேட்கிறன். இந்த டில்லி எப்பிடி?"

புகழ்ந்தால் அவள் எங்கே போவாள் என்று யோசித்தேன். இங்கேதான் வருவாள். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக உண்மையாகவே அவளைக் குறைத்துப் பேசும் வாய்ப்பு. அதையும் ஓர் ஆங்கிலேயக் கனவானைப் போலச் செய்ய ஆசைப்பட்டேன்.

"நல்லா உழைப்பா," என்றேன். கோப்பையைக் கீழே வைத்து, ஒரு சின்னப் பெருமூச்சும் விட்டேன். "நேரத்துக்கு வருவா."

"வேற?"

"கையெழுத்து வடிவு."

சேர் கிளைவ் என்னைப் பார்த்தார். பிறகு, நான் ஒருநாளும் காணாத அதிசயமாக, தன்னுடைய பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"அந்தத் தெற்குப் பல்கலைக்கழகச் சபையில அப்ப நானும் இருந்தனான், தெரியுமோ?"

"தெரியாது, சேர் கிளைவ்."

"உன்ர மூண்டு பக்கத்தையும் வாசிச்சனான். 'வாழ்நாளில் சந்தித்ததில்லை.' எனக்கு அண்டைக்கே விளங்கிட்டுது, இந்த மனிசன் ஆரையோ கலைக்கப் பார்க்கிறான் எண்டு. மற்றவை பயந்திட்டினம். நான்தான் சொன்னன், ஒருத்தியை அனுப்ப மூண்டு பக்கம் எழுதிறான் எண்டா அவள் சும்மா ஆளில்லை, எடுங்கோ எண்டு."

நான் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"இப்ப அவள் வரப் போறாள் எண்டதும் கையெழுத்து வடிவெண்டுறாய்," என்றார் அவர். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "பக்கத்தில இருந்தா துரத்திறாய், தூரத்தில இருந்தா மறிக்கிறாய். ஒரு கெட்டிக்காரன் இவ்வளவு காலம் ஒருத்திக்குப் பயந்திருக்கிறான்! இதைவிட நற்சான்று எனக்கென்னத்துக்கு, பஞ்ச்? இன்னொரு பிஸ்கட் எடு."

எடுத்தேன். சவர்க்காரம் போல இருந்தது.

மறுநாள் நேர்காணலில் என்னிடம் நாற்பது பக்கத்தையும் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: அட்டைப் படத்தில் இருக்கும் கட்டடம் எங்களுடையதா என்று. இல்லை.

தை மாதம் முதல் திங்கட்கிழமை அவள் பொறுப்பேற்றாள். நான் கொங்கிரீட்டுக்குத் திரும்ப என் பொருட்களை இரண்டு பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்தேன். வந்தவள் கதவை மெதுவாகத் தட்டினாள், அது தன்னுடைய அறை என்பது தெரியாதவள் போல. மொரீன் பின்னால் நின்றதால் என்னை எப்படி அழைப்பாள் என்று பார்த்தேன்.

"அங்கிள், நீங்க போகக் கூடாது. பிரதித் துணைவேந்தரா என்னோட இருக்கோணும்," என்றாள். தமிழ் தடக்கவே இல்லை. எங்கேயோ ஒத்திகை பார்த்திருக்கிறாள். "என்ர ரெண்டு பெரிய வேலையும் உங்கட கடிதத்தால கிடைச்சது. அப்பா இப்பவும் எல்லாருக்கும் சொல்லுவார்."

கேலியா, நன்றியா என்று அவள் முகத்தில் தேடினேன். வெறும் நன்றி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"அதுக்கென்ன பிள்ளை," என்றேன்.

அவள் துணைவேந்தர் கதிரையில் உட்கார்ந்தாள். என் உயரத்துக்கு வைத்திருந்த கதிரை. அவளுடைய கால் நிலத்தில் படவில்லை.

"இதை எப்பிடிக் கீழ இறக்கிறது?"

"கீழ ஒரு பிடி இருக்கு. கொஞ்சம் இறுக்கம்."

அவள் இரண்டு பக்கமும் தடவினாள். கிடைக்கவில்லை. இந்த அறையில் அந்தப் பிடி இருக்கும் இடம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மேற்சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு முழங்காலில் இறங்கி, கம்பளத்தில் ஒரு கையை ஊன்றி, கதிரைக்கு அடியில் தலையை நீட்டினேன். பிடியை இழுத்தேன். கதிரை ஒரு பெருமூச்சோடு இறங்கி அவளுக்குச் சரியான இடத்தில் நின்றது.

அப்போதுதான் பல்கலைக்கழகச் செய்திமடலின் படப்பிடிப்பாளர் உள்ளே வந்தான்.

"ஆகா, நல்லாயிருக்கு!" என்றான். "பேராசிரியர், நீங்க அப்பிடியே கீழ இருங்கோ."