சுன்யானின் பொய்க்கை

கைதள்ளு ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் தனக்கு எதிரே நிற்கப்போவது சொந்தப் புருஷன்தான் என்று தெரிந்ததும், சுன்யான் குடித்துக்கொண்டிருந்த மிளகுக்கூழைப் பாதியில் நிறுத்தினாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஜெங்ஜோ நகரில் நடக்கும் பெரிய போட்டிக்கு ஊர் சார்பாக ஒரே ஒரு ஆளைத்தான் அனுப்புவார்கள். இன்று ஊர்ச் சந்தையில் நடக்கிற இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவர் போகலாம், ஆணோ பெண்ணோ. சின்ன வயதில் அண்ணன்மார்கள் போய்வந்து கதை அளந்தபோது வாயைப் பிளந்து கேட்டவள் அவள். அப்போதிருந்தே அந்த ஆசை உள்ளே கிடந்து குடைந்துகொண்டிருந்தது.

"என்னடி, இந்த வருஷமும் மண்ணைக் கவ்வப்போறியா?" என்று கேட்டாள் பக்கத்தில் பன் அவித்துக்கொண்டிருந்த கிய்யாவ்.

"வாயை மூடிக்கிட்டு அடுப்பைப் பாருங்கக்கா" என்றாள் சுன்யான்.

மஞ்சள் ஆற்றங்கரையில் இருக்கிற அந்த ஊரில் தைச்சி என்ற தற்காப்புக் கலையும் அதில் ஒரு பகுதியான கைதள்ளும் பழகாத வீடு கிடையாது. வள்ளிக்கிழங்கு தோண்டிவிட்டு வருகிறவனும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நாலு சுற்று கைதள்ளுவான். ஆட்டம் பார்க்கச் சுலபம். இரண்டு பேர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நின்று கையை வட்டமாகச் சுழற்ற வேண்டும்; யாருடைய கால் முதலில் பெயர்கிறதோ அவர் அவுட். ஆனால் முறுக்கிக்கொண்டு நிற்கிறவன் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. அவன் தள்ளினால் இடம் கொடு, அவன் பலம் தீர்கிற இடத்தில் லேசாகத் திருப்பிவிடு, மீதியை அவன் உடம்பே பார்த்துக்கொள்ளும். அதற்குக் கை காதாக மாற வேண்டும். எதிராளி மனதில் நினைப்பதை அவன் தோல் வழியாகவே கேட்டுவிடுகிற காது.

சுன்யானுக்கு அந்தக் காது பிறவியிலேயே இருந்தது. அவள் புருஷன் தியேஜுன் கதவளவு அகலம், நல்ல ஆட்டக்காரன்தான். ஆனாலும் அவளுக்குக் கால்தூசி. இது அவளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று அவள் நினைத்திருந்தாள். கல்யாணமான புதிதில், நண்பர்கள் முன்னால் அவன் முகம் சுருங்கிவிடக் கூடாதே என்று ஒருமுறை தோற்றுக்கொடுத்தாள். அதுவே வழக்கமாகிப்போனது. சந்தைக்குச் சந்தை அவள் தோற்பாள், அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போவான், அவள் பின்னால் சிரித்துக்கொண்டே போவாள். அப்போதெல்லாம் அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

இன்று அப்படியில்லை; ஜெங்ஜோவுக்கு ஆள் எடுப்பது இந்தச் சந்தையில் மட்டும்தான். இருந்தும், களத்தின் நடுவே நின்று அவன் நண்பர்கள் வரிசையாக உட்கார்ந்து கைதட்டுவதைப் பார்த்தபோது அவள் மனசு இளகிவிட்டது. போகட்டும், ஜெங்ஜோ எங்கே ஓடிப்போகப் போகிறது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

நடுவராக இருந்த சவரக்கடை ஹாவ் கையைத் தூக்கி இறக்கினார். மணிக்கட்டுகள் ஒட்டின. சுன்யான் வழக்கம்போல உடம்பின் பாரத்தை முன்காலில் கொஞ்சம் கூடுதலாக விட்டாள். அவன் லேசாக இழுத்தால் போதும், கால் பெயர்ந்துவிடும்.

அவன் இழுக்கவில்லை. கையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். அவள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். அப்போதும் இழுக்கவில்லை.

"என்னய்யா, ஆட்டம் ஆடுறீங்களா, மாவு அரைக்கிறீங்களா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"இழுத்துத் தொலையேன்யா" என்று சுன்யான் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். "கதவைத் தொறந்துதானே வச்சிருக்கேன்."

"அதான் தெரியுதே. வருஷா வருஷம் தொறக்கிற கதவு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னது?"

"என் கை என்ன மரக்கட்டையா? மொத வருஷமே கேட்டுருச்சு."

"அப்போ ஏன்யா இத்தனை நாளும் வாயைத் தொறக்கல?"

தியேஜுன் அசடு வழிந்தான். "ஜெயிக்கிறது நல்லா இருந்துச்சு புள்ள."

சுன்யானுக்கு வந்ததே கோபம்! தோள் இறுகியது, கை விறைத்தது. அடுத்த நொடியே அவன் தள்ளினான். அவள் குதிகால் தரையை விட்டு எழும்ப, கட்டைவிரலை மண்ணில் ஊன்றி மயிரிழையில் தப்பினாள். அந்தத் தள்ளலில் விளையாட்டே இல்லை.

"கோவப்பட்டா தோத்துருவ" என்றான் அவன். "நெஜமா ஆடு. ஜெங்ஜோன்னு நீ தூக்கத்துல பெனாத்துறதை நான்தானே கேக்கறேன். நீ விட்டுக்குடுத்து நான் அங்க போனா என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"தூக்கத்துல பேசறேனா?"

"பேசறது மட்டுமா. போன வாரம் என்னைக் கட்டில்லேருந்தே தள்ளிவிட்ட."

சுன்யானுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரிப்பு வந்ததும் தோள் தளர்ந்தது, இடுப்பு தளர்ந்தது, பாரமெல்லாம் பாதத்தில் போய் உட்கார்ந்தது. அதே சமயம் தியேஜுன் மொத்த உடம்பையும் சேர்த்துத் தள்ளினான். அவள் இடம் கொடுத்தாள், இடுப்பை லேசாகத் திருப்பினாள், அவ்வளவுதான். அந்தக் கதவளவு ஆள் அவளைக் கடந்து பறந்துபோய், கிய்யாவின் மூங்கில் தட்டுகளுக்கு நடுவே பொத்தென்று விழுந்தான். பன்கள் களமெங்கும் உருண்டன.

"ஐயோ, என் பன்னு!" என்று கிய்யாவ் அலற, ஹாவ் சுன்யானின் கையைத் தூக்கிப் பிடித்தார். ஊரே எழுந்து நின்று கத்தியது. தியேஜுனின் நண்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சுன்யான் சிரிக்கவில்லை. நேராக அவனிடம் ஓடி, எழுந்திருக்கக் கை கொடுத்தபடியே குனிந்து கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு. நீயா விழுந்தியா?"

"என்னை ஏன் கேக்கற? உன் கையைக் கேளு."

அவள் ஒரு கணம் யோசித்தாள். கை சரியாகத்தான் கேட்டிருந்தது. இருந்த பலத்தையெல்லாம் போட்டு, அவளைத் தோற்கடித்தே தீருவது என்றுதான் அவன் வந்திருந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்கு அவன் தந்த மரியாதைகளிலேயே பெரியது அது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் அவன் தலைமுடியில் ஒட்டியிருந்த பன் துணுக்கைத் தட்டிவிட்டாள்.

"இன்னொரு ஆட்டம் போடுவோமா?" என்றான் அவன்.