பிரயாணத்தில் இருக்கிறவர்கள்

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. அக்காவின் பிடிவாதத்தில் உண்டு. 1970 டிசம்பரில், இரும்புலியூர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பள்ளிக்கூடத்து வரைபடத்தை நான் விரித்து வைத்தபோது என் கவலையெல்லாம் ஒன்றுதான். அக்கா தனுஷ்கோடிக்குப் போகக் கூடாது. போனால் திரும்ப மாட்டாள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன் இதே பயணத்துக்குத் திட்டம் போட்டவர் அக்காவின் கணவர் வில்பிரட் அத்தான். கோயில், கோட்டை, கடற்கரை, பறவை, மான் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனுஷர். "கடைசி ஊர்ல தங்க இடம் சரியில்லைன்னா குடும்பத்தோட தெருவுல நிக்கணும். நான் முன்னாடி போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லி, கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு தாம்பரத்தில் தனுஷ்கோடி போகும் போட் மெயில் ஏறினார். அந்த வாரம்தான் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. ரயிலையே கடல் இழுத்துக்கொண்டது. அத்தான் ரயிலில் இருந்தாரா, ஊருக்குள் இருந்தாரா, யாருக்கும் தெரியாது. உடல் கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டில் சாயங்காலக் குடும்ப ஜெபம் தவறாது. சங்கீதம் வாசித்து முடித்ததும், வெளியூர் போயிருப்பவர்களைப் பேர் சொல்லி ஜெபிப்போம். 'பிரயாணத்தில் இருக்கும் இன்னாரைக் காத்தருளும்' என்று அவர் திரும்பும்வரை தினமும் சொல்ல வேண்டும். ஆள் வந்து சேர்ந்த அன்று, 'சுகமாய்க் கொண்டுவந்து சேர்த்தீரே, ஸ்தோத்திரம்' என்று நன்றி சொன்ன பிறகுதான் அந்தப் பேரை விடலாம். அப்பா வைத்த சட்டம் இது. ஒருமுறை மதுரைக்குப் போய்வந்த சித்தப்பாவுக்கு நன்றி சொல்ல மறந்துபோய், ஒரு வாரம் அவரைப் பிரயாணத்திலேயே வைத்திருந்தோம். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத்தானே ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார்.

வில்பிரட் அத்தானுக்கு யார் நன்றி சொல்வது? ஆறு வருஷமாக அக்கா அவரைப் பிரயாணத்தில்தான் வைத்திருந்தாள். நினைவு ஆராதனை நடத்தலாம் என்று போதகர் வீடு தேடி வந்தார். "வழியில இருக்கிறவருக்கு எதுக்கு ஐயா நினைவு ஆராதனை?" என்று கேட்டு, காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். தாலி கழுத்திலேயே இருந்தது.

தினமும் அவர் பேரைச் சொன்னதும் கொஞ்சம் நிறுத்துவாள், பதிலுக்குக் காத்திருப்பதுபோல. அந்த நேரத்தில் மின்சார ரயில் போகிற சத்தமும் பக்கத்து வீட்டு ரேடியோவும் காதுக்குள்ளேயே கேட்பதுபோல இருக்கும். எனக்குக் கண்ணைத் திறக்கப் பயமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் தவளையை அறுத்துக் காட்டுகிற விலங்கியல் டீச்சர் நான். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த டிசம்பரில் அக்காவே ஆரம்பித்தாள். "அந்த டூரை முடிச்சுடலாம் ஜெயா. அவர் ஆரம்பிச்சது அப்படியே நிக்குது." அத்தானின் அண்ணன் வேதசிரோமணியும் அவர் மனைவி தபீதாளக்காவும் கூட வருவதாக ஏற்பாடு. பெரியத்தான் என்று நான் கூப்பிடும் வேதசிரோமணி, சபையில் மூப்பர். தம்பியின் பேரை ஜெபத்தில் கேட்கும்போதெல்லாம் அவர் தாடை இறுகும்.

நான் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன். சிங்கப்பெருமாள் கோயில் குடைவரை. வேடந்தாங்கல் பறவைகள். மகாபலிபுரம், புதுச்சேரி, சிதம்பரம், தரங்கம்பாடிக் கோட்டை.

"கோயிலுக்குச் சிற்பம் பார்க்கத்தான் போறோம். சபையில யார் கேட்டாலும் அப்படியே சொல்லணும்" என்றார் பெரியத்தான்.

"அப்ப வேளாங்கண்ணியும் போட்டுக்கோ. அங்கேயும் சிற்பம்தான்" என்றாள் தபீதாளக்கா. பெரியத்தான் முறைத்தார். நான் போட்டுக்கொண்டேன். கடைசியாகக் கோடியக்கரை. அங்கே வெளிமான் கூட்டம் கூட்டமாகக் கடலோரத்தில் மேயும் என்று சொல்லி, பென்சிலைக் கீழே வைத்தேன்.

அக்காவின் விரல் வந்தது. கோடியக்கரையிலிருந்து கரையோரமாகவே இறங்கி, நிலம் ஊசியாகக் கடலுக்குள் நீளும் இடத்தில் நின்றது.

"இதை விட்டுட்டியே."

"கடல்மேல இருக்கிற பாலம் ரயிலுக்குத்தான் அக்கா. கார் மண்டபம் ஊரோட நின்னுடும்."

"இறங்கி ரயில்ல போறது."

"ராமேஸ்வரத்துக்கு அப்புறம் ரயிலே கிடையாது. அங்க ஊரே இல்ல, மணல்தான்."

"ஊரைப் பார்க்க யார் போறா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. "நாமதான் போய்க் கூட்டிட்டு வரணும். அவரா எப்படி வருவார், வழியெல்லாம் அடிச்சுட்டுப் போயிருச்சே."

தபீதாளக்கா கையிலிருந்த தம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ரத்தினா, கர்த்தருக்குள்ள தூங்கறவனைத் தூங்க விடு" என்றார் பெரியத்தான். "செத்தவங்களைக் கூப்பிடறது பாவம். இனிமே என் காதுல அது விழக் கூடாது."

மறுநாளும் அக்காவின் அதே விரல், அதே இடம். அதற்கு மறுநாளும் அப்படித்தான். கடல் முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். புடவையைக்கூடத் தூக்கிப் பிடிக்காமல் நேராக உள்ளே நடந்துவிடுவாள். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். கெஞ்சினேன், கத்தினேன், ஒருநாள் சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். மசியவில்லை.

வண்டி பேச ஏகநாதன் வந்தான். பம்மல்காரன், சொந்தமாக அம்பாசடர் வைத்திருந்தவன். எங்கள் வீட்டுக்கு அதுதான் முதல் தடவை. அக்கா கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்காகச் சபைக் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் வாசலில் நின்று வழியைச் சொன்னேன்.

"அல்லாம் தெரியும் டீச்சரம்மா. சிங்கபெருமாள் கோயில்ல ஒரு சூடம் கொளுத்திட்டுதான் நான் லாங்கு சவாரி போவேன், அதுக்கு மட்டும் ஒத்துக்கணும். மத்தபடி உங்க வூட்டு சார்தான் நேத்தே ஸ்டாண்டாண்ட வந்து சொல்லிட்டாரே."

பெரியத்தான் போயிருப்பார் என்று நினைத்தேன். "என்ன சொன்னார்?"

"முன் சீட்டு, ஜன்னலோரம், அவுருக்கு வோணுமாம். எதுவரிக்கும் சார்னு கேட்டேன். கோடியக்கரை போதும்னாரு. அதுக்கு மேல இன்னா கீதுன்னு கேட்டா, நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன், தங்க எடம் சரியில்லன்னாரு."

கேட்டைப் பிடித்துக்கொண்டேன். "பஞ்சு மாதிரி நரைச்ச முடி, கொஞ்சம் தொப்பை. அவர்தானே?"

"இல்லம்மா, ஒல்லியா கீறாரு. வாட்சை வலது கையில உள்பக்கமா கட்டிகினு, மணி பாக்கறப்பலாம் உள்ளங்கையை நீட்றாரு. எதுனா கேக்குறாரோன்னு நான் பீடியக்கூட எடுத்துக் குடுக்கப் பாத்தேன்."

உலகத்தில் வலது கையில் உள்பக்கமாக வாட்ச் கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். பிச்சை கேட்கிற மாதிரி மணி பார்க்கிறீர்களே என்று நான் கேலி செய்தது ஒரே ஒருவரை. அவருடைய போட்டோ வீட்டுக்குள் இருந்தது, அதிலும் கை தெரியாது. ஏகநாதனைக் கேட்டு வேறு எதையும் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடிகாலையில் வரச்சொல்லி அனுப்பிவிட்டேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அக்கா திரும்பி வந்தாள். முகத்தில் என்னவோ தெளிவு. வந்ததும் வராததுமாக டிரங்குப் பெட்டியைத் திறந்து, அத்தானின் வெள்ளைச் சட்டைகளை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். மேஜையில் வரைபடம் கிடந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு தனுஷ்கோடிப் பேச்சை எடுக்கவே இல்லை. முறுக்குச் சுட்டாள், புளிச்சோறு கிளறுவதற்குச் சாமான் எடுத்து வைத்தாள், வாய்க்குள் கீர்த்தனை பாடினாள். ஜெயித்துவிட்டேன் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் பாடப் பாட நான் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம், புறப்படுவதற்கு முந்தைய ஜெபம். பெரியத்தான் சங்கீதம் வாசித்தார். எல்லோரும் முழங்காலில் நின்றோம். பிரயாணம் போகிறவர்களின் பேர்களை அக்கா சொல்ல வேண்டும். வேதசிரோமணி, தபீதாள், ஜெயசீலி, ரத்தினபாய் என்று சொன்னாள். வழக்கமான அந்த இடம் வந்தது. பிரயாணத்தில் இருக்கும் வில்பிரட்டை என்று தொடங்குவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பிரயாணம் போன உமது அடியான் வில்பிரட்டைச் சுகமாய்க் கொண்டுவந்து சேர்த்தீரே. ஸ்தோத்திரம்."

அக்கா நிறுத்தவில்லை. பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. வந்து சேர்ந்த ஆளுக்கு எப்படிச் சொல்வோமோ அப்படிச் சாதாரணமாகச் சொல்லி முடித்தாள். நன்றி சொன்னால் வீட்டில் இருக்கிற எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். தபீதாளக்கா அழுதுகொண்டே சொன்னாள். பெரியத்தான் ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார். மண்டியிட்டிருந்த எங்களைவிட ஒரு ஆமென் அதிகமாக அந்த அறையில் கேட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு நானும் ஆமென் என்றேன்.

எழுந்ததும் அக்காவின் கையைப் பிடித்தேன். "அக்கா, அப்ப தனுஷ்கோடி?"

"அங்க எதுக்குடி?" என்று சிரித்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. "அங்க இனிமே யார் இருக்கா?"

விடிகாலையில் ஏகநாதன் வந்து ஹாரன் அடித்தான். நாங்கள் மூன்று பெண்களும் பின்னால் ஏறினோம். பெரியத்தான் முன் கதவைத் திறந்துகொண்டு நின்றார். ஏகநாதன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"சார், நீங்க இவுரு அண்ணனா? அதே மூஞ்சி கீது" என்றான்.

யாருடைய அண்ணன் என்று பெரியத்தான் கேட்கவில்லை. எதையும் நேருக்கு நேர் கேட்டுவிடுகிற மனுஷர் அவர். காலியாகக் கிடந்த முன் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஏறி, ஜன்னலோரத்தை விட்டுவிட்டு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே திரும்பியது. வண்டலூர் தாண்டியதும் மார்கழிக் குளிர் உள்ளே பாய்ந்தது. நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. அக்கா கடலுக்குப் போகவில்லை, என் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் உடம்பின் சூட்டை உணர்ந்தபடியே நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா முன்னால் குனிந்தாள். காலியான அந்த இடத்தின் பக்கமாக முகத்தைக் கொண்டுபோய், பல வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவளின் குரலில் சொன்னாள்.

"காத்து ரொம்ப அடிக்குதே. கண்ணாடியை ஏத்திக்கக் கூடாதா?"

வண்டி கொஞ்ச தூரம் போனது. பிறகு பெரியத்தான், யார் மேலும் இடித்துவிடக் கூடாது என்பதுபோல உடம்பை ஒடுக்கி, கையை மெதுவாக நீட்டிக் கண்ணாடியை ஏற்றினார்.