கேப்டனின் மரங்கள்

படகின் மூக்கில் முட்டிய அடிமரத்தை மெரியானா கழியால் தள்ளினாள். அது ஒரு முழம் விலகி, இன்னும் இரண்டைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

எதிர்க்கரைவரை, வெட்டி மிதக்கவிட்ட கவ்ரி மரங்கள். தண்ணீரே தெரியவில்லை. எல்லாம் படகில் கிடக்கும் அவள் அப்பா, கேப்டன் பென்ஹாலோவுடையவை. மலையில் மழை பெய்ததும், மரங்களை ஆற்றுக்கு அடித்து வர ஓடையை மறித்துக் கட்டியிருந்த அணையைக் காலையில் அவர்தான் திறக்கச் சொன்னார். சிட்னி போகும் அவருடைய கப்பல் ஆற்றுமுகத்தில் சரக்குக்குக் காத்திருந்தது. பொறுமை என்பதே கிடையாது மனுஷனுக்கு. பாய்ந்து வந்த முதல் மரமே அவர் இடுப்பை நசுக்கிவிட்டது. வைத்தியர் அந்தக் கப்பலில்தான் இருந்தார்.

"ஏண்டி போட்டு குத்துற? நல்ல மரம்டி. வடு விழுந்தா சிட்னிக்காரன் மூஞ்சியச் சுளிப்பான்."

"பேசாதீங்கப்பா."

அவர் சிரிக்கப் பார்த்தார். வாயோரம் ரத்தம் வந்தது.

"மச்சான், கரைக்கு விடு."

அம்மாவின் அண்ணன் எருவேரா கழியை நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஓர் ஆள் உயிர்விட்ட ஆற்றை அவருடைய இனத்தார் மூடிவிடுவார்கள். பெரியவர்கள் திறக்கும்வரை மீனும் இல்லை, படகும் இல்லை. ஒரு மரம்கூட நகராது.

"ஆத்துல செத்தா நீயே வந்து ஆத்த மூடிருவ. கப்பல் காலியாப் போயிரும். கரையில சாகுறேன்டா" என்றார் கேப்டன்.

"தள்ளுங்க மாமா. வைத்தியர்கிட்டப் போறோம்."

"அவரு கேக்குறாரும்மா..."

"அவரு மரத்தைக் கேக்குறாரு. நான் எங்கப்பாவைக் கேக்குறேன்."

எருவேரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கப்பல் பக்கமே தள்ளினார். மரங்கள்மேல் ஏறி நின்ற எருவேராவின் ஆட்களும் கழிகளால் முக்கித் தள்ளினார்கள். படகு தன் நீளம்கூட நகரவில்லை. ஒவ்வொரு மரத்தின்மேலும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அப்பாவின்மேல் ஆத்திரப்பட முடியவில்லை.

"கரை..." என்றார் அவர். கை படகின் விளிம்பைத் தேடியது. பாதியில் நின்றது.

அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள். எருவேரா அவள் கழியைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்மா."

ஆட்களைப் பார்த்து, ஆற்றை மூடும் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவர்கள் கழிகளை மரங்கள்மேல் கிடத்திவிட்டுக் கரையேறினார்கள்.

மாலையில் கடல் உள்வாங்கியது. நெருங்கிக் கிடந்த மரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தாமாகவே விலகின. வளைவுவரை ஒரு படகு போகுமளவு தண்ணீர் தெரிந்தது. வளைவுக்கு அப்பால் கப்பலின் பாய்மரம் நின்றது.

யாரும் துடுப்பைத் தொடவில்லை.